பெயர் வந்தது, படம் வரவில்லை

பிரதீபாவுக்குக் காரைக்காலில் அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஸ்கூட்டர், முதுகில் மாட்டிக்கொள்ளும் பை, பைக்குள் மடிக்கணினி, கேபிள் நறுக்கும் கத்தரி, உபரியாக ஒரு ரூட்டர். அவ்வளவுதான். ஐஸ் கம்பெனி, நகைக்கடை, பள்ளிக்கூடம், ஸ்கேன் சென்டர் என்று ஊரில் பல இடங்களில் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு அவள்தான் பொறுப்பு. எங்கேயாவது இணைப்பு நின்றுவிட்டால் அவள் கைபேசி அடிக்கும்.

நெடுங்காட்டில் நெல் போடுகிற குடும்பம் அவளுடையது. அப்பா தெட்சிணாமூர்த்தி அவளைக் கணினி அறிவியல் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் வேலை கிடைத்தது. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் இணைப்புக்கும் ஒரு புள்ளி. இணைப்பு உயிரோடு இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் உடனே கவனிக்க வேண்டும். பச்சையானதும் புகாரை மூடிவிட வேண்டும். புகாரை வேகமாக மூடுகிறவர்களுக்கு அங்கே நல்ல பெயர். பிரதீபாவுக்கு அந்தப் பெயர் இருந்தது.

பிறகு அன்பழகனோடு கல்யாணம் ஆனது. அவனுக்குக் காரைக்காலில் அரசாங்க உத்தியோகம். மகள் நித்யஸ்ரீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பிரதீபா தனியாகத் தொழிலில் இறங்கினாள். சென்னைப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய மானிட்டரை வைத்து, தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு புள்ளி கொடுத்திருந்தாள். அதே திரை அவள் கைபேசியிலும் தெரியும். காலையில் காபி டம்ளரோடு வந்து பார்ப்பாள். எல்லாம் பச்சையாக இருந்தால் அடுத்த வேலைக்குப் போவாள்.

டாக்டர் சோமசேகரனின் ஸ்கேன் சென்டர் அவளுடைய பெரிய வாடிக்கையாளர். சென்டர் காரைக்கால் டவுனில் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் அதற்கு ஒரு சின்னக் கிளை. அங்கே எக்ஸ்ரே மட்டும்தான். எடுப்பவள் சித்திக்கா. அந்த ஊர்ப் பெண்; எக்ஸ்ரே படிப்பைப் புதுச்சேரியில் முடித்துவிட்டு வந்தவள். அவள் படம் எடுத்து அனுப்பினால், டாக்டர் காரைக்காலில் உட்கார்ந்தபடி தன் திரையில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். இரண்டு இடத்துக்கும் நடுவில் இணையத்தின் வழியாகவே, வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டிய தனிப்பாதை ஒன்று போட்டிருந்தார்கள். வி.பி.என். என்பார்கள். போட்டவள் பிரதீபா. கிளைக்கு இணையம் கொண்டுவரும் ஃபைபர் லைன் அறுந்தால்கூடப் பாதை நிற்கக்கூடாது என்று ரூட்டருக்குள் ஒரு சிம்கார்டும் செருகி வைத்திருந்தாள். ஃபைபர் போனால் சிம் தானாக எடுத்துக்கொள்ளும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சித்திரை வெயில் ஏறிய சமயத்தில் சித்திக்காவிடமிருந்து போன் வரத் தொடங்கியது.

"அக்கா, படம் போவலக்கா."

பிரதீபா கைபேசியைப் பார்ப்பாள். பச்சை. "லைன் நல்லாத்தான்மா இருக்கு. ரூட்டர ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

பண்ணியதும் படம் போய்விடும். இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மறுபடி போன். சில நாள் காலையில், சில நாள் மத்தியானம். அதில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. இன்னொரு விசித்திரமும் இருந்தது. படம் போகாத நேரத்திலும் நோயாளியின் பெயரும் வயதும் காரைக்கால் திரையில் வந்து நிற்கும். பெயருக்குக் கீழே படம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். பெயரை அடித்த பெண் படத்தை அனுப்ப மறந்துவிட்டாள் என்று.

வைகாசியில் ஒரு நாள் வைத்திலிங்கம் என்ற மீனவர் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி, படகின் விளிம்பில் மார்பு மோத விழுந்தார். அவர் மனைவி மாரியம்மாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளைக்கு வந்தாள். மூச்சு விடவே சிரமப்பட்டார். சித்திக்கா மார்பைப் படம் எடுத்து அனுப்பினாள். பெயர் போனது, படம் போகவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டாள். அன்று அதற்கும் மசியவில்லை. பிரதீபாவைக் கூப்பிட்டாள்.

பிரதீபா அப்போது ஐஸ் கம்பெனியில் ஒரு மேஜைக்கு அடியில் குனிந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் பார்த்தாள். பச்சை.

"லைன் ஓடிக்கிட்டுதான் இருக்கு சித்திக்கா. நீ அனுப்புறதுலதான் ஏதோ தப்பு நடக்குது. நிதானமாப் பாரு."

"நான் மூணுவாட்டி அனுப்பிட்டேன்க்கா. இங்க ஒருத்தருக்கு மூச்சு வாங்குது."

"எனக்கு இங்க எல்லாம் சரியாக் காட்டுதே. நான் என்ன செய்ய?"

சித்திக்கா போனை வைத்தாள். கணினித் திரையில் தெரிந்த எக்ஸ்ரேயைக் கைபேசியால் படம்பிடித்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அப்படி அனுப்புவது டாக்டருக்குப் பிடிக்காது. நுணுக்கமான கோடுகள் அதில் தெரியாது என்பார். ஆனால் அன்று பார்த்த உடனே கூப்பிட்டார். "உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நான் சொல்லி வைக்கிறேன்." வைத்திலிங்கத்தின் ஒரு நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் விலாவுக்குள் குழாய் போட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் பிரதீபாவைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். அவள் அன்று முழுக்கக் கிளையின் புள்ளி எப்படி இருந்தது என்பதைக் கோடாகக் காட்டும் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவைத்தாள். காலை முதல் மாலை வரை ஒரே பச்சைக் கோடு. "நம்ம லைன்ல ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சித்திக்காவிடமிருந்து போன் வருவது நின்றது. பிரச்சினை தானாகவே சரியாகிவிட்டது என்று பிரதீபா நினைத்துக்கொண்டாள். அப்படி அவ்வப்போது நடப்பதுண்டு.

ஆனி மாதத்தில் ஒரு மாலை, காரைக்கால் சென்டரில் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தபோது நோயாளிகள் உட்காரும் நாற்காலி வரிசையில் சித்திக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் சி.டி. உறைகள்.

"என்ன சித்திக்கா, இங்க உக்காந்திருக்கே?"

"படம் கொண்டாந்தேன் மேடம்."

மேடம் என்ற வார்த்தை பிரதீபாவுக்குச் சுருக்கென்றது. இதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"கையிலயா கொண்டு வர்றே? எப்பலேருந்து?"

"போவாத அன்னிக்கெல்லாம் சி.டி.யில போட்டு, வேலை முடிஞ்சு பஸ்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன்."

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே."

சித்திக்கா பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டாள். "பண்ணினா லைன் நல்லாருக்குன்னுதானே சொல்லுவீங்க? அதான் எனக்கே தெரியுமே."

பிரிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வரவேற்பில் இருந்த பெண் மீதியைச் சொன்னாள். வைத்திலிங்கம் விழுந்த மறுநாள் டாக்டர் சித்திக்காவை வரச்சொல்லி, எல்லோருக்கும் முன்னால் கைபேசியைக் காட்டித் திட்டியிருக்கிறார். "லைன் நாள் பூரா ஓடியிருக்கு, இத பாரு. பட்டன அமுக்காம அமுக்கினேன்னு சொல்றே. அந்தாளு செத்திருந்தா யாரு பதில் சொல்றது?" கைபேசியில் காட்டியது பிரதீபா அனுப்பிய பச்சைக் கோடு.

அன்று வீட்டில் நித்யஸ்ரீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்பழகன் அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தபடி பிரதீபா சொன்னதையெல்லாம் கேட்டான்.

"லைன் சரியா இருக்குன்னே வச்சுக்க. அந்தப் பொண்ணு எதுக்குப் பொய் சொல்லணும்? பஸ் ஏறி வந்து உக்காந்திருக்காளே?"

பிரதீபா திரும்பிப் பார்த்தாள். கூடத்து மானிட்டரில் கிளையின் புள்ளி பச்சையாகவே இருந்தது.

மறுநாள் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டுத் திருமலைராயன்பட்டினத்துக்குப் போனாள். கிளை, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிறது. சித்திக்கா நாற்காலியை எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிரதீபா இரு பக்கத்து ரூட்டர்களின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாதையின் பூட்டுக்கான சாவியை இரண்டு ரூட்டர்களும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். மாற்றுவதற்கான கால அளவு ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் வேறாகவும் இருந்தது. இதுதான் விஷயம் என்று அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கினாள். சித்திக்கா அனுப்பிய படங்கள் வரிசையாகப் போயின.

"இனிமே வராது" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினாள்.

மறுநாள் பதினோரு மணிவாக்கில் சித்திக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது. *இன்னிக்கும் போவல மேடம்.*

பிரதீபாவுக்கு முகம் சுட்டது. ஸ்கூட்டரை எடுத்தாள். போகிற வழியெல்லாம், தான் போய்ச் சேருவதற்குள் அது சரியாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனாள். இப்படி ஒரு வேண்டுதலை அவள் வாழ்நாளில் வைத்ததில்லை.

சரியாகியிருக்கவில்லை. சித்திக்காவின் திரையில் ஒரு முழங்கால் எக்ஸ்ரே பாதியில் நின்றிருந்தது.

"ரூட்டர தொட்டியா?"

"தொடலை. நீங்க பாக்கணும்னு அப்படியே வச்சிருக்கேன்."

பிரதீபா மடிக்கணினியைத் திறந்தாள். கூடத்து மானிட்டர் எப்படிப் பார்க்குமோ அப்படியே முதலில் பார்த்தாள். மறுமுனைக்குச் சின்னதாக ஒரு தகவல் அனுப்பினால் அது போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அனுப்பினாள். திரும்பியது. மறுபடியும் திரும்பியது. லைன் நல்லாத்தான் இருக்கு என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் சித்திக்கா நின்றுகொண்டிருந்தாள். பிரதீபா வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். பெயர் போகிறது. வயது போகிறது. படம் போகவில்லை. பெயரும் வயதும் சின்னவை. அவள் சோதித்துப் பார்ப்பதும் சின்னதுதான். பெரியதை அனுப்பிப் பார்த்ததே இல்லை.

அனுப்பும் தகவலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். திரும்பியது, திரும்பியது, ஓர் அளவுக்கு மேல் சத்தமே இல்லை. பிழை என்றும் வரவில்லை. போனது போனதுதான். அளவைக் குறைத்தாள், உடனே பதில் வந்தது. மீண்டும் கூட்டினாள், அதே இடத்தில் நின்றது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"சித்திக்கா, இங்க வாயேன். இதப் பாரு."

சித்திக்கா குனிந்து பார்த்தாள்.

"நீ அனுப்புற படம் ஒரே துண்டாப் போகாது. ஆயிரக்கணக்கான துண்டா உடைஞ்சுதான் போகும். ஒவ்வொரு துண்டையும் ரூட்டர் ஒரு உறையில போட்டுப் பூட்டும். உறையோட சேர்ந்தா துண்டு பெருசாயிடும். வழியில எங்கயோ அந்த அளவு நுழையல. நுழையாதத யாருக்கும் சொல்லாம கீழ போட்டுடுது. பேரும் வயசும் சின்னத் துண்டு. அதனால போயிடுது."

"அப்ப நேத்து மட்டும் எப்படிப் போச்சு?"

நல்ல கேள்வி. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? பிரதீபா பாதை இப்போது எதன் வழியாகப் போகிறது என்று பார்த்தாள். சிம். ஃபைபர் இல்லை. இத்தனைக்கும் அந்த நிமிஷம் ஃபைபர் உயிரோடுதான் இருந்தது. அதாவது நடுவில் எப்போதோ ஃபைபர் போயிருக்கிறது. சிம் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபைபர் திரும்பி வந்த பிறகும் பாதை சிம்மையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. ஃபைபரில் முழுத் துண்டும் போகும், சிம்மில் போகாது. ரூட்டரை அணைத்துப் போட்டால் பாதை ஃபைபருக்குத் திரும்பிவிடும். அதனால்தான் அது மருந்து மாதிரி வேலை செய்தது. வைத்திலிங்கம் வந்த அன்று ஃபைபர் திரும்பி வராமலே இருந்திருக்க வேண்டும். அதனால் அன்று அதுவும் பலிக்கவில்லை.

பெருமையாகச் செருகி வைத்த சிம்தான் இத்தனையும் செய்திருக்கிறது. பிரதீபா அதை உரக்கவே சொன்னாள்.

"நான் போட்ட சிம்மு சித்திக்கா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ ஒவ்வொரு தடவையும் அனுப்பிட்டுதான் இருந்திருக்கே."

சித்திக்கா திரையிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "அத நானும் சொல்லிட்டுதானே இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

அன்று மத்தியானமே பிரதீபா இரு பக்கமும் துண்டின் அளவைக் குறைத்து, சிம்மில் போனாலும் நுழையும்படி செய்தாள். ஃபைபர் வந்ததும் பாதை அதற்கே திரும்ப வேண்டும் என்றும் மாற்றினாள். பிறகு ஃபைபர் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கினாள். சித்திக்கா முழங்கால் படத்தை அனுப்பினாள். மெதுவாக, ஆனால் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஃபைபர் ஏன் போய்ப் போய் வருகிறது? அந்தப் பகுதிக்கு லைன் இழுத்தவர் காஜா மைதீன். முன்பு கேபிள் டி.வி. நடத்தியவர், இப்போது இணையமும் கொடுக்கிறார். பிரதீபா கூப்பிட்டதும் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இங்க கரண்ட் போகவே இல்லைங்கண்ணே. ஃபைபர் மட்டும் எப்படிப் போகும்?"

"இங்க போவலம்மா. போலகத்துல போனா?" என்றார் காஜா மைதீன். "இந்தத் தெருவுக்கு லைன் அங்கேருந்துதான் பிரியுது. வா, பாத்துடுவோம்."

பக்கத்து ஊரான போலகத்தில் ஒரு மளிகைக்கடைச் சுவரின் மேல், லைனைப் பிரிக்கும் அவருடைய இரும்புப் பெட்டி இருந்தது. ஏணி வைத்து ஏறித் திறந்தார். உள்ளேயிருந்த பேட்டரி வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. வெயில் காலத்தில் அந்தப் பக்கம் கரண்ட் அடிக்கடி போய் வரும். பேட்டரி தாங்கவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் பெட்டி செத்து, கரண்ட் வந்ததும் பிழைத்திருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் விளக்கு எரியும், காரைக்காலிலும் எரியும். நடுவில் நடப்பது இரண்டு ஊருக்கும் தெரியாது.

"அட, இத நான் பாத்திருக்கணும்மா" என்று காஜா மைதீன் தலையைச் சொறிந்தார். மறுநாள் புது பேட்டரி போட்டுவிட்டார்.

பிரதீபா அதோடு விட்டிருக்கலாம். லைன் சரியாகிவிட்டது என்று டாக்டருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. ஆனால் சித்திக்கா மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த காட்சி அவள் கண்ணை விட்டு அகலவில்லை.

"சித்திக்கா, நான் டாக்டர்கிட்ட நேர்ல பேசப்போறேன். நீயும் வர்றியா?"

"நான் வரலை. நீங்களே சொல்லுங்க."

காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்பே பிரதீபா டாக்டர் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு அனுப்பிட்டுதான் இருந்துச்சா?"

"ஆமாங்க டாக்டர்."

"நீங்க அனுப்புனதுல பச்சையா இருந்துச்சேம்மா. அத நம்பித்தானே நான் பேசினேன்."

"பாதை இருக்குன்னு மட்டும்தாங்க அது சொல்லும். படம் போகுதான்னு சொல்லாது. அது எனக்கே இப்பதான் புரிஞ்சுது. அத உங்களுக்கு அனுப்புனது என் தப்புங்க டாக்டர்."

டாக்டர் எழுந்து வரவேற்பு மேஜைக்கே வந்தார். அங்கிருந்த போனில் கிளையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். வரவேற்புப் பெண்ணும், தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாவும், ஸ்கேன் அறையிலிருந்து எட்டிப் பார்த்த பையனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்திக்கா, அன்னிக்கு இங்க வச்சு எல்லார் முன்னாடியும் உன்னத் திட்டினேன். உன் மேல தப்பு இல்ல. நான் விசாரிக்காம பேசிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."



"சரிங்க டாக்டர்" என்றாள் சித்திக்கா. "அந்த வைத்திலிங்கம் அண்ணன் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. ரெண்டு வாரமா கடலுக்குப் போயிட்டு வர்றாராம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் சொன்னது ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்டது.

அன்று மாலை பிரதீபா கிளைக்குப் போனபோது சித்திக்கா பொரித்த மீனும் சோறும் கட்டிக்கொண்டு வந்த டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தைய நாளைவிட முகம் தெளிவாக இருந்தது.

"கோபமெல்லாம் போயிடுச்சா?" என்று பிரதீபா கேட்டாள்.

"டாக்டர் மேல போயிடுச்சுக்கா. உங்க மேல கொஞ்சம் இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "ஒருவாட்டி நேர்ல வந்து பாத்திருந்தா போதும்ல?"

பிரதீபா தலையாட்டினாள்.

கூடத்து மானிட்டரில் கிளையின் புள்ளியை அவள் மாற்றி அமைத்தாள். இப்போது அது சின்னத் தகவலை அனுப்பிப் பார்ப்பதில்லை. ஒரு பொய்யான எக்ஸ்ரே படத்தை முழுசாக அனுப்பி, அது போய்ச் சேர்ந்தால்தான் பச்சை காட்டும். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒவ்வொருவராக இதே மாதிரி அவரவர் வேலைக்குத் தக்கபடி மாற்றத் தொடங்கினாள். அதில் ஐஸ் கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதுவரை தெரியாமலிருந்த சின்னச் சின்னக் கோளாறுகள் வெளியே வந்தன. கொஞ்ச நாள் திரையில் சிவப்பு அதிகமாகத்தான் இருந்தது. அன்பழகன் காபி குடிக்க வரும்போது அதைப் பார்த்து, "என்ன, தொழில் படுத்துடுச்சா?" என்று கேலி செய்தான்.

ஐப்பசி மழையில் ஃபைபர் ஒருமுறை மரம் விழுந்து நிஜமாகவே அறுந்தது. சரிசெய்யும்வரை படங்கள் சிம் வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. சித்திக்காவுக்கு அது மறுநாள்தான் தெரியும்.

தை பிறந்ததும் டாக்டர் நெடுங்காட்டில் இன்னொரு கிளை திறந்தார். பாதை போட்டவள் பிரதீபாதான். ஆனால் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது சித்திக்கா என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருவரும் காலையிலேயே போய்விட்டார்கள். புது எக்ஸ்ரே மெஷினில் சித்திக்கா தன் கைப்பையை வைத்து ஒரு படம் எடுத்தாள். போனது. பிரதீபாவின் ஹெல்மெட்டை வைத்து ஒன்று. அதுவும் போனது. ஃபைபரைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கியபின் ஒன்று. திரும்பச் செருகியபின் ஒன்று. காரைக்காலில் இருந்த பெண் ஒவ்வொன்றுக்கும் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று போனில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டாள்.

பிரதீபா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "போதும்ல? கிளம்பலாமா?"

"இருங்கக்கா" என்றாள் சித்திக்கா. அவள் அடுத்து எதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒண்ணு அனுப்பிப் பாத்துடுவோம்."

பிரதீபா பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.